துமினி மாட்டிய சும்மா ரெகுலேட்டர்

இந்தோனேசியாவின் சுரபாயாவில், வொனொக்ரொமோ பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற அலுவலகக் கட்டடத்தில் எந்த அறைக்கு எவ்வளவு குளிர்காற்று போகும் என்பது துமினியின் கையில் இருந்தது. தொழிற்பள்ளியின் மின்சாரப் பிரிவில் படித்த ஒரே பெண் அவள். ஆசிரியரின் நாற்காலிக்கு அடியில் மணியைப் பொருத்திவைத்து, அவர் உட்காரும்போதெல்லாம் வகுப்பு முடிந்துவிட்டதென்று பிள்ளைகளை வெளியே ஓடவிட்டவள். நாற்பதை நெருங்கியும் அந்தக் குணம் போகவில்லை. கணவன் முடிதிருத்துபவன், வாடிக்கையாளரின் தாடையில் அவன் கத்தி வைக்கிற நேரம் பார்த்து, அவன் கைபேசியில் சேவலைக் கூவவைப்பாள்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. மாடிக்கு மாடி, கூரைப் பலகைகளுக்கு மேலே காற்றுக் குழாய்கள் ஓடும். குழாய்க்குள் கதவுகள், ஒவ்வொரு கதவையும் திறந்து மூட ஒரு சின்ன மோட்டார். எட்டு மோட்டார்களுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கீழ்த்தளத்துக் கணினி சொல்வதை மோட்டார்களுக்குச் சொல்வதும், மோட்டார்கள் எங்கே நிற்கின்றன என்று கணினிக்குச் சொல்வதும் அந்தப் பெட்டியின் வேலை. துமினி அதற்கு வைத்த பெயர் 'மாமியார்'.

ஆறாவது மாடியில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அங்கே கணக்குப் பிரிவுத் தலைவி இபு நானிக், அதாவது நானிக் அம்மா, கொளுத்தும் வெயிலிலும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். தினமும் தொலைபேசியில் அழைப்பார். "துமினி, இது ஆபீஸா, மீன் வைக்கிற பெட்டியா?" குளிரைக் குறைத்தால் அடுத்த நிமிடம் விற்பனைப் பிரிவு ஆண்கள் அழைப்பார்கள். "அக்கா, வேர்த்து ஊத்துது. குளிச்சிட்டு வரவா?"

துமினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் பழைய விசிறி ரெகுலேட்டர் ஒன்றைத் துடைத்து, நானிக்கின் மேசைக்குப் பின்னால் சுவரில் திருகி மாட்டினாள். பின்னால் ஒரு கம்பிகூடக் கிடையாது.

"இனிமே நீங்களே கூட்டிக் குறைச்சுக்குங்க இபு. ரொம்பத் திருகிடாதீங்க, மெஷின் பாவம்."

கட்டட நிர்வாகி கஸ்தோலானியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் பல்செட்டைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தொலைபேசி அடங்கிப்போனது. நானிக் காலையில் வந்ததும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைப்பார். "இப்ப பரவால்ல" என்பார். துமினி கீழ்த்தளத்தில் கால்நீட்டிக் காப்பி குடித்தாள்.

சுதந்திர தினக் கொண்டாட்டத்தைக் காப்பீட்டு அலுவலகத்தில் வைத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதக் கொடிகள் தொங்கின. நடு மேசையில் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்த தும்பெங். கட்டடத்தின் உரிமையாளர் இபு லியெம் வந்திருந்தார். கஸ்தோலானி அவரை நேராக ரெகுலேட்டரிடம் அழைத்துப்போனார்.

"நம்ம கட்டடத்துல குடியிருக்கவங்க கையிலயே குளிரக் குடுத்துட்டோம், இபு. பாருங்க."

பெருமையோடு முழுசாகத் திருகினார்.

மேலே எட்டு மோட்டார்களும் ஒரே குரலில் முனகின. பிறகு காற்று இறங்கியது. கொடிகள் அறுந்து பறந்து தும்பெங்கின் தலையில் உட்கார்ந்தன. சோற்றில் தூவியிருந்த வறுத்த தேங்காய்த்தூள் இபு லியெமின் கண்ணாடியை மூடியது. கஸ்தோலானி பதறி மறுபக்கம் திருகப் போக, ரெகுலேட்டரின் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"இது சும்மா மாட்டினதாச்சே!" என்று அலறினார். "இதுல கம்பியே கெடையாதே!"

அறை முழுவதும் துமினியைத் திரும்பிப் பார்த்தது.

அவளுக்குக் காது சிவந்தது. ஏணியில் ஏறிக் கூரைப் பலகையைத் தள்ளினாள். மாமியாரின் பச்சை விளக்கு நின்று எரிந்தது. மஞ்சள் விளக்கு சீராகச் சிமிட்டியது. பெட்டிக்கு நோயில்லை. கீழ்த்தளத்திலிருந்த தன் கூட்டாளி தர்மாஜியைக் கைபேசியில் பிடித்தாள்.

"கம்ப்யூட்டர் எவ்வளவு தொறக்கச் சொல்லுது?"

"கால்வாசிதான் அக்கா."

"இங்க முழுசா தொறந்து கெடக்குதே?"

"அப்படியா?" என்றான் தர்மாஜி. அந்த 'அப்படியா' கொஞ்சம் அதிகமாக இனித்தது.

ஒரு மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கி, பொத்தானை அழுத்திக் கதவைக் கையால் மூடினாள். இணைப்பைத் திரும்பச் செருகியதும் அது பிடிவாதமாக முழுசாகத் திறந்துகொண்டது. ஆக, கணினி சொல்லவில்லை, மோட்டாருக்குக் கிறுக்கில்லை, பெட்டிதான் வேறு யார் பேச்சையோ கேட்கிறது. விளக்கடித்துப் பார்த்தாள். வெப்பமானி மாட்டுவதற்கென்று பெட்டியில் விட்டிருக்கும் காலி முனையில் மெல்லிய நீலக் கம்பி ஒன்று புதிதாக முறுக்கியிருந்தது. அது சுவருக்குள் இறங்கி, நேராக அவளுடைய சும்மா ரெகுலேட்டரின் முதுகுக்குப் போனது.

கம்பியை உருவிவிட்டுப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். மோட்டார்கள் ஒவ்வொன்றாக இறங்கின. காற்று அடங்கியது. ஏணியிலிருந்து கீழே பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானிக் மட்டும் தும்பெங்கிலிருந்து கொடி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இபு நானிக்..."

"என்ன முறைக்கிற? மூணாம் நாளே நகவெட்டிய வெச்சுக் கழட்டிப் பாத்துட்டேன். உள்ள பல்லி முட்டதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தெனம் திருகுனீங்க?"

"நீ கீழ உக்காந்து சிரிக்கிறது எனக்குக் கேக்கும்டி. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். நேத்து நீ லீவுல போனதும் உன் தர்மாஜிக்கு ஒரு தட்டு லொந்தோங் குபாங் வாங்கிக் குடுத்தேன். என் தலைக்கு மேல இருக்கற கதவ மட்டும் இணைடான்னேன். அந்த மூதேவி எட்டையும் சேத்து இணைச்சுட்டான்."

"பெட்டிக்குப் பாஸ்வேர்டு இருக்கே!"

"துமினி அழகி. அதானே? காவக்காரருக்கே தெரியும்."

இபு லியெம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கஸ்தோலானியைப் பார்த்தார். "இத்தன மாசமா வெறும் பிளாஸ்டிக்கக் காட்டி எங்கிட்டயும் பெருமையடிச்சீங்களா?" நிர்வாகி கையிலிருந்த குமிழைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளைக்கே நெசமானத மாட்டுங்க" என்றார் லியெம். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதன்பின்தான் மற்றவர்களுக்குச் சாப்பிடத் துணிவு வந்தது.

மறுநாள் துமினி நல்ல ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி, நானிக்கின் தலைக்கு மேலுள்ள கதவுக்கு மட்டும் இணைத்தாள். எவ்வளவு திருகினாலும் கதவு ஒரு அளவுக்குக் கீழே மூடாதபடி பெட்டியில் எல்லை வைத்தாள். மூச்சுக் காற்று வர வேண்டுமல்லவா. நானிக் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் கண்ணால் பார்த்து எண்ணிக்கொண்டார். வேலை முடிந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவருக்குக் கைகள் இருப்பதையே துமினி அன்றுதான் பார்த்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, என்னவோ மனசு குளிர்ந்தும் இருந்தது. எத்தனையோ பேரை ஏய்த்திருக்கிறாள். பதிலுக்கு இத்தனை பொறுமையாக யாரும் அவளை ஏய்த்ததில்லை. தர்மாஜியை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே போனதில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.