பென்சில் திருத்தம் உள்ள பிரதி

சர்வர் பராமரிப்பு என்பது, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை யாருக்கும் உங்கள் பெயர் நினைவுக்கு வராத வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அது என் தலையில் விழுந்தது. நாளிதழில் நெடுங்காலம் மெய்ப்புத் திருத்திவிட்டு, சிங்கப்பூர் தேக்காவில் ஓர் அச்சகத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அங்கே கோப்புகளையெல்லாம் சேமிக்கும் சர்வர் கணினியைக் கவனித்தவர் விலகினார். மெய்ப்பு வேலையும் சுருங்கியிருந்தது. முதலாளி மூன்று மாதம் கொடுத்தார்: சர்வரைக் கற்றுக்கொண்டால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. நடுவயதில் பாடப்புத்தகம் தூக்கியவர்களே, உங்களுக்கு இது புரியும்.

தலையணை

முதல் புத்தகத்தைக் கனம் பார்த்து வாங்கினேன். பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் மடியில் வைத்துப் படித்ததில் தொடை மரத்துப்போனது. இரண்டு வாரம் கழித்துக் கட்டளைகளைத் தட்டினால், கணினி அப்படி எதுவும் இல்லை என்றது. வடிவமைப்பாளர் செல்வி, புத்தகம் அச்சான ஆண்டைத் தேடிப் பார்த்தாள். நாளிதழில் தேதி பார்க்காமல் ஒரு பக்கம் விட்டதில்லை நான்.

"அண்ணே, இந்தப் புத்தகத்துல உள்ள சர்வர் ரிடையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்திருக்கும் லா!"

ஏழே நாளில்

அடுத்தது மெலிந்த புத்தகம். ஏழு நாளில் எல்லாம் வரும் என்றது அட்டை; எனக்கு வந்தது ஜலதோஷம். பயிற்சிக்கு வைத்திருந்த கணினியில் ஒரு கோப்பை அழித்துவிட்டு, மீட்பது எப்படி என்று தேடினேன். அந்தப் பாடமே இல்லை. எட்டிப் பார்த்த முதலாளியிடம் சொன்னேன்.

"சார், அவங்க ஏழு நாள் முடிஞ்சுபோச்சு. என் மூணு மாசத்துல இன்னும் ஒரு மாசம் இருக்கு."

கிறுக்கல்

மூன்றாவது முறை பழைய புத்தகக் கடையில் ஆண்டைப் பார்த்தேன், மீட்கும் பாடத்தைப் பார்த்தேன். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று புதிது போல. மற்றதன் ஓரமெல்லாம் பென்சில். நீக்கு, சேர், இடம் மாற்று என்று எல்லாம் மெய்ப்புக் குறிகள். புத்தகம் ஆங்கிலம்தான், ஆனால் திருத்தியவர் என்னைப் போல மெய்ப்புக்காரர். அதையே கேட்டேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லது இருக்கும்போது கிறுக்குனதைக் கேக்குறீங்களே, கண்ணு தெரியுதா உங்களுக்கு?"

காலி வட்டு

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு சர்வரின் வட்டு பழுதானது. தீபாவளி மலரின் பக்கங்கள் அத்தனையும் அதில். காப்பு நகல் ஒன்றே ஒன்று, வேறு வட்டில் இருந்தது. காலியான புது வட்டைப் பொருத்தி, புத்தகத்தில் கண்டபடி கட்டளையைத் தட்டினேன். அழுத்தப்போன விரல் நின்றது. ஓரத்தில் பென்சிலில் இடம்மாற்றுக் குறி. எதிலிருந்து எதற்கு என்பது அச்சில் முன்பின்னாகியிருந்தது. அப்படியே அழுத்தியிருந்தால் காலி வட்டு காப்பு நகலின்மேல் படிந்து, மலரும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். மாற்றித் தட்டினேன். பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த முதலாளி ஒரு சாவியை என் மேசையில் வைத்தார்.

"சர்வர் ரூம் சாவி இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அந்தப் புத்தகத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க."

அந்தப் பென்சில்காரர் யாரென்று தெரியாததால், அவர் கவனிக்காமல் விட்ட இரண்டு பிழைகளை அதே ஓரத்தில் திருத்தி வைத்து என் நன்றியைச் செலுத்தியிருக்கிறேன்.