சகலையின் ஞாயிற்றுக்கிழமை

அவன் தூங்குவதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் வயிறு எரிந்தது.

அவன் என் மனைவியின் தங்கை புருஷன். என்னைப் போலவே லாரி டிரைவர். சந்தாபுராவில் வாடகை வீடு. ஹூப்ளி போய்த் திரும்பிய ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு அங்கே போயிருந்தேன். கூடத்தில் பாய் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவன் மகள் அவன் வயிற்றின்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்போதும் அவன் அசையவில்லை. எனக்கு அந்த மாதிரித் தூக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவன் கம்பெனியில் எட்டு மணி நேரம்தான் டூட்டி. அதற்குமேல் ஓட்டினால் வண்டியில் இருக்கும் மிஷின் கத்தும், ஆபீசிலிருந்து போன் வரும். பாதி வழியில் வேறு டிரைவர் ஏறிக்கொள்வான். ஞாயிறு லீவு. அந்த வேலையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டவன் நான்தான். அதைச் சொன்ன நண்பனிடம், "லாரி ஓட்டுறவனுக்கு எதுக்குடா ஆபீசர் வேலை?" என்று சிரித்துவிட்டு வந்தேன். அவன் போய்ச் சேர்ந்துகொண்டான்.

ஜோகுபாளையத்தில் என் வீட்டில் தினமும் அவன் பேச்சுதான். தங்கச்சி புருஷன் சர்ச்சுக்குப் போனார், ஸ்கூல் மீட்டிங்குக்குப் போனார் என்று என் மனைவி சாதாரணமாகத்தான் சொல்வாள். எனக்குக் குத்திக்காட்டுவதாகவே கேட்கும்.

ஒரு சனிக்கிழமை அவனுக்குப் போன் செய்தேன். "நாளைக்கு ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு லோடு. ரெண்டு நாளா ஓட்டிட்டு இருக்கேன், கூட வந்து கொஞ்ச தூரம் ஓட்டுறியாப்பா?" என்றேன். களைப்பு என்னவோ உண்மைதான். ஆனால் அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. லீவு நாளில் வேறு வண்டியில் ஏறக் கூடாது என்று அவன் கம்பெனியில் கண்டிப்பு இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். பெரியவன் கூப்பிடுகிறேனே என்று மறுக்காமல் வந்தான்.

வந்தவனிடம் நான் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. போகும்போது ஒருமுறை கேட்டான். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி மறுபடி கேட்டான்.

"கண்ணு செவந்திருக்குதுண்ணா. அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ரெஸ்ட் எடுக்கணும்னு சட்டத்துலயே இருக்குது."

"உன் சட்டம் எங்க ஓனருக்குத் தெரியுமாடா? நாளைக்குக் காலைல வண்டி திரும்ப லோடுக்கு நிக்கணும். பேசாம வா."

அத்திப்பள்ளி டோல் தாண்டியது நினைவிருக்கிறது. நல்ல வெயில். அதற்குப் பிறகு சாலை என் நினைவில் இல்லை. கண் திறந்துதான் இருந்தது என்று இன்றைக்கும் தோன்றுகிறது. "அண்ணா!" என்று கத்தி அவன் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தபோதுதான் விழித்தேன். நடுத்தடுப்பில் அரளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். வண்டி அவர்கள் நின்ற இடத்தை உரசிக்கொண்டு போய்த் தண்ணீர் டேங்கரின் பின்னால் மோதி நின்றது. டேங்கரில் ஆள் இல்லை. சகலையின் நெற்றி கண்ணாடியில் அடித்து ரத்தம் வழிந்தது.

பெண்களில் வயதானவள் ஒருத்தி கதவருகே வந்து என்னை அண்ணாந்து பார்த்தாள். திட்டவில்லை. "நித்தெ மாட்பிட்யா?" என்றாள் கன்னடத்தில். தூங்கிட்டியா என்று.

"பிரேக் புடிக்கல," என்றேன். போலீஸ் வந்தபோதும் அதையே சொன்னேன். இன்ஸ்பெக்டர் சகலையிடம் திரும்பினார். அவன் கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்குது சார். அண்ணன் தூங்கிட்டாரு," என்றான்.

அங்கேயே அவனை அடித்துவிடலாம் போல இருந்தது.

என் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். ஓனர் வேறு டிரைவரை வைத்துக்கொண்டார். நான் தூங்கியதற்குச் சாட்சியாக அவன் பெயர் இருந்ததால் விஷயம் கம்பெனிக்குப் போய், அவனையும் ஒரு மாதம் வண்டியிலிருந்து இறக்கினார்கள். முதல் வாரம் நான் தூங்கித் தீர்த்தேன். தூக்கம் தெளிந்த பிறகுதான் அந்தப் பெண்கள் ஓடியது கண்முன் வந்தது. அவன் வீட்டுக்குப் போனேன்.

"பிரேக்குன்னு சொல்லியிருந்தா உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிருக்காதே," என்றேன்.

"தூங்கிட்டியான்னு கேட்ட அந்த அம்மா பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்களேண்ணா," என்றான். மனைவியிடம் எனக்கு டீ போடச் சொன்னான்.

இப்போது நான் சிட்டிக்குள் மினி டெம்போ ஓட்டுகிறேன். சாயங்காலம் வீட்டில் இருக்கிறேன். தூக்கம் வருகிறது. அதனால் அவன் தூக்கத்தைப் பார்த்து இப்போது எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் ரத்தம் வழிய நின்றுகொண்டு, தனக்கு என்ன ஆகும் என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் உண்மையைச் சொன்னானே, அது எனக்கு வராது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.