அப்பா வந்தால்தான் ஏழு

என் பிறந்தநாள் ஜனவரி மாதத்தில் வருகிறது. ஆனால் சிறுவயதில், அது அப்பா வீட்டுக்கு வருகிற நாளில்தான் வரும் என்று நம்பியிருந்தேன். பனி கரைந்து, ஒஸ்லோ நகரின் ஓரத்து ரொம்சோசில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருந்த புல் தெரியத் தொடங்கினால், எனக்கு ஒரு வயது கூடப்போகிறது என்று அர்த்தம்.

அப்பா நோர்வேயின் வடகோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஜனவரியில் அங்கே மீன் வரத் தொடங்கினால், ஏப்ரல் முடியும் வரை ஒருவருக்கும் லீவு கிடையாது. அம்மாவும் ஒரு குளிர்காலம் அங்கே இருந்து பார்த்தார். சூரியனே எழும்பாத அந்த நாட்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் ஒஸ்லோவுக்கு வந்து, தன் தம்பியான என் மாமாவுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வீடு எடுத்து என்னையும் என் தம்பியையும் வளர்த்தார்.

அப்பா இல்லாத வீட்டில் பெரிய காரியங்கள் எல்லாம் காத்துக் கிடந்தன. கால் ஆடுகிற கதிரை, இறுகிப்போன அலுமாரிக் கதவு, எனக்கு ஒரு சைக்கிள், எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "அப்பா வரட்டும்." என் பிறந்தநாளும் அந்தக் கதிரையோடும் கதவோடும் சேர்ந்துவிட்டது. அப்பா வந்த பிறகுதான் பலூன் கட்டுவார்கள். மாமா யாரிடமோ வீடியோ கமெரா இரவல் வாங்கி வருவார். அப்பா என் கையைப் பிடித்துக் கேக் வெட்டுவார்.

எனக்கு ஏழு வயது நிறைந்த ஜனவரியில் பாலர் பள்ளியில் என் தலையில் கடதாசிக் கிரீடம் வைத்துப் பாட்டுப் பாடினார்கள்தான். வீடியோ இல்லாத, அப்பா இல்லாத அந்தக் கொண்டாட்டத்தை நான் ஒரு விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். என்றாலும் வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு ஏழாமே?" என்று கேட்டுப் பார்த்தேன். தம்பிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: "அப்பா வரட்டும்."

கீழ் வீட்டில் என் வயதுடைய நோர்வேக்காரச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவள் தன் புதுப் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்து காட்டினாள். சிவப்புப் பை, இருட்டில் மின்னும் பட்டி வைத்தது. அந்தக் காலத்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். உனக்கு எத்தனை வயது என்று கேட்டாள். ஆறு என்றேன். அப்படியானால் நீ வர முடியாது, ஏழு வந்தவர்கள்தான் வரலாம் என்றாள். அவள் அதைக் கவலையோடுதான் சொன்னாள்.

அந்த வருடம் அப்பா மே முதல் கிழமையில் வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வந்தது. அம்மா வயரை விரலில் சுற்றிக்கொண்டு, "ஓம்... ஓம்... என்ன செய்யிறது" என்று மட்டும் சொன்னார். மீன் இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம். அடுத்த ஞாயிறும் அதே கதைதான். நான் மறுபடி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. யன்னலில் நின்று, கீழே அந்தச் சிவப்புப் பை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குப்பை கொட்டப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.

மே பதினேழு, நோர்வேயின் தேசிய நாள் வந்தது. அப்பா வரவில்லை. மாமா எங்களை ரயிலில் நகரத்துக்குக் கூட்டிப் போனார். பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த மஞ்சள் சட்டையை அம்மா அன்றைக்கும் போட விடவில்லை. தெரு முழுக்கக் கொடிகள், பாண்டு வாத்தியம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். எல்லாரும் ஏழு வந்தவர்கள். மாமா வாங்கித் தந்த ஐஸ்கிறீம் கையில் உருகி வழிய, நான் அழத் தொடங்கினேன்.

"ஏன் பிள்ளை அழுறாய்? ஆரும் இடிச்சவையே?" என்று கேட்டார் மாமா.

"அப்பா வரேல்லை."

"வருவார்தானே. அதுக்கு ஏன் அழுகை?"

"அப்பா வராட்டில் எனக்கு ஏழு வராது. என்னைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்க மாட்டினம்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, கேட்டியளே உங்கட மோளின்ரை கதையை? இவளின்ரை வயசை அத்தான் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறாராம். எனக்கும் ரெண்டு வயசைக் குறைச்சுக் கொண்டு வரச் சொல்லுங்கோ, பொம்பிளை பார்க்க உதவும்."

அம்மா சிரிக்கவில்லை. என் கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். அன்று பின்னேரம் அவரே தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா அங்கே எடுத்துப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. அப்பா நின்றார். இரண்டு நாளாகப் பஸ்ஸிலும் ரயிலிலுமாக மாறி மாறி வந்து கண் சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலமை திரும்ப வேணும்," என்றார். "இங்கை நிக்க ஒரு நாள்தான் விட்டவங்கள்."

கைகளை நீட்டிக்கொண்டு முதலில் தம்பியிடம் போனார். ஒன்றரை வயதுத் தம்பி வீரிட்டுக் கத்தி மாமாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "அத்தான், அவனுக்கு உங்கட மீன் மணம் பிடிக்கேல்லைப் போல," என்றார் மாமா. அப்பாவும் சிரித்தார். குளித்துவிட்டு வந்து மறுபடி கையை நீட்டினார். தம்பி மறுபடியும் கத்தினான்.

பலூனும் வீடியோவும் இல்லை. மாமா பக்கத்து ஸ்டோவ்னர் கடைகளுக்கு ஓடிப்போய் ஒரு கேக் வாங்கி வந்தார். நான் மஞ்சள் சட்டையோடு நிற்க, அப்பா என் கையைப் பிடித்து வெட்டினார்.

"எனக்கு இப்ப ஏழோ?"

"ஓம் ராசாத்தி, இப்ப ஏழு."

படியில் இறங்கி ஓடிப்போய்க் கீழ் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் எல்லாரும் மேலே காட்டுக்குள் இருக்கிற சின்னக் குளத்துக்குப் போனோம். பேர்ச் மரங்களில் இலை அப்போதுதான் விரிந்திருந்தது. பாதை ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. முந்தின வருடம் அதே பாதையில் அப்பா என்னைத் தோளில் வைத்துத் தூக்கிப் போனார். தம்பி மாமாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அப்பா எனக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டிக் குந்தினார்.

"வா, ஏறு. தூக்குறன்."

"வேண்டாம்," என்றேன். "எனக்கு ஏழு வயசு. நான் நடப்பன்."

அப்பா கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார். "ஓம், அதுதானே," என்றார்.

வழியெல்லாம் நான்தான் முன்னால் நடந்தேன். இவ்வளவு பெரியவளாகிவிட்டதை அப்பா பார்க்கிறாரா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் வந்தார். வெயில் ஏற எனக்கு வேர்த்தது. கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "அதை அவளிட்டையே குடுங்கோவன். வளந்த பிள்ளை, தானே கொண்டு வருவாள்."

"இருக்கட்டும்," என்றார் அப்பா. வீட்டு வாசல் வரை கொடுக்கவில்லை.

அப்பாவுக்குக் கை குளிர்கிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.