துண்டு போடாத தறி

எழுபதுகளில் ஆரணியில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேறு நெசவாளி உள்ளே வந்தால், டிசைனைப் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதென்று, தறியில் ஓடும் புது பார்டரைத் துண்டால் மூடிவிடுவோம்.

ஒரு நாள் என் பார்டரில் அன்னத்துக்குக் கழுத்தே விழவில்லை. சரியாகாவிட்டால் முதலாளி வேலையை வேறு தறிக்குக் கொடுத்துவிடுவார். அந்த நேரம் எதிர்வீட்டு மணி வந்தான். என் கை தானாகத் துண்டைப் போட்டது.

“இன்னாப்பா, உள்ள பொண்ணையா ஒளிச்சு வெச்சிகினு கீற?”

“கழுத்தில்லாத அன்னம்பா.”

“எனக்கும் இதே பேஜாருதான் இருந்தது. ஜல்தியா வா.”

அவன் வீட்டில் தன் தறியை மூடியிருந்த துண்டைத் தானே எடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான், டிசைனை விழவைக்கும் துளை போட்ட ஜக்கார்டு அட்டைகளை நான் வரிசை மாற்றிக் கோத்திருந்தது புரிந்தது. இருவரும் பிரித்துக் கோத்தோம். வேலை என்னிடமே நின்றது. பிறகு கண்ணமங்கலத்து வியாபாரி நெசவுக்கு ஆள் கேட்டபோதும் மணிதான் என் பெயரைச் சொன்னான்.

அவன் பெங்களூருக்குப் போய்விட்டான். இன்றும் புது பார்டர் விழும்போது, துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறேன்.