நெல்லிக்காத் தண்ணியும் முருகன் ஸ்பெஷலும்

சர்பத் கடைக்காரனுக்கு நாக்குதான் மூலதனம். என் நாக்கு எலுமிச்சை, நன்னாரி, இஞ்சி, இந்த மூணைத் தாண்டுனதே இல்ல. கடை வச்சிருக்கிற மகராசன்களே, புதுசா ஒண்ணு போட்டு அது விலைபோகலைன்னா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாததா?

எதிர்க்கடை

கொச்சி மட்டாஞ்சேரியில என் கடைக்கு நேர் எதிரே ஒரு ஜூஸ் கடை திறந்தாங்க. தினம் ஒரு புதுப் பேருல ஜூஸ். என் வாடிக்கை ஆளுங்க ஒவ்வொருத்தரா ரோட்டைத் தாண்டிட்டாங்க. இப்படியே போனா ஓணத்துக்குள்ள கடையை மூடணும், நிச்சயம். தினம் வர்ற ஆட்டோக்கார சேட்டன்கூட ஒருநாள் அந்தப் பக்கம் நடந்துகிட்டே சொன்னாரு: "முருகண்ணே, உங்க கடையில மாறுறது காலண்டர் மட்டும்தான்!"

பேடி

பக்கத்துத் தையல்கடை நபீசாவோட மக ஸஹ்லாவுக்கு அஞ்சு வயசு. ஸ்கூல் விட்டா என் கடையிலதான் இருப்பா. மிச்சம் மீதியை ஒரு டம்ளர்ல கலப்பா, குடிப்பா, "அய்யே!"ன்னு துப்புவா, சிரிப்பா, அடுத்ததைக் கலப்பா. துப்புனதுக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

அன்னைக்கு உப்பிலிட்ட நெல்லிக்கா ஜாடித் தண்ணியை எலுமிச்சை சர்பத்துல ஊத்தி, "குடிச்சு நோக்குங்க மாமா"ன்னு நீட்டுனா. நான் மூஞ்சியைத் திருப்பினேன். "மாமாக்குப் பேடியா?"ன்னா பாருங்க! தென்காசிக்காரன் எனக்கு அது ஆம்பளையை ஏசுற வார்த்தை. டம்ளரைப் பிடுங்கி சாக்கடையில கொட்டி, "இனி எதையாவது தொட்டே, கையை ஒடிச்சிருவேன்"னு கத்திட்டேன். புள்ள அழுதுகிட்டே ஓடிருச்சு. நபீசா வந்தா. குரல்கூட உசத்தல. "அண்ணே, இங்க பேடின்னா பயம். பயமான்னுதான் கேட்டிருக்கா."

ஸ்பெஷல்

பயந்தானே? ஆமா, பயந்தான். மறுநாள் யாருமில்லாத நேரமாப் பாத்து அதையே கலந்து குடிச்சேன். அடடா! ஒரு பச்சமிளகாயைக் கீறிப் போட்டேன், 'முருகன் ஸ்பெஷல்'னு போர்டு எழுதி வச்சேன். ஒரே வாரத்துல கூட்டம் திரும்பிருச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டவங்ககிட்ட, "பத்து நாள் மண்டையை உடைச்சேன்"னு வெக்கமே இல்லாம அளந்து விட்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஸஹ்லா அவ உம்மா நபீசா கையைப் பிடிச்சுகிட்டு வந்து நின்னா. என்னால நிமிர்ந்து பாக்க முடியல. இது தான் பண்ணுனதுன்னு புள்ள கூட்டத்துக்கு முன்னால சொல்லிருவாளோன்னு பயந்தேன். அவ டம்ளரையெல்லாம் தள்ளி நின்னே வேடிக்கை பாத்தா. அதுதான் தாங்கல. பாட்டில் எல்லாத்தையும் அவ முன்னால எடுத்து வச்சு, "தங்கம், உனக்கு இஷ்டம்போல கலக்கும்மா"ன்னேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. "மாமாவே பண்ணுங்க. நான் ஒண்ணும் தொடல."

சர்பத்தை அவகிட்டருந்து எடுத்துக்கிட்டு என் பயத்தை அவளுக்குக் கொடுத்தேனே, ஊர் மெச்சுற வியாபாரிதான் நான்!