ஏற்றம் முடிந்ததும் அணையும் லாரி

டெஸ்டரை முதலில் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான். தலையும் கைகளும் ஒரு பழைய வேனின் பானெட்டுக்குள் இருந்தன. வழியில் நின்றுபோன என் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் அவர் பட்டறை வாசலில் நிறுத்தி, "ஸ்பார்க் வரலைன்னு நினைக்கிறேன்" என்றேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், படித்ததும் மின்னியல். அந்தத் தெம்பில் காரணங்களை வேறு அடுக்கினேன். அவர் திரும்பாமலே, "பெட்ரோல் இருக்கான்னு பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. டாங்க் காய்ந்து கிடந்தது.

அப்படித் தொடங்கிய பழக்கம். இனி வருவதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாதி அவர் சொன்னது, பாதி அவருடைய அண்ணி சொன்னது.

இரண்டு ஒயரும் ஒரு சின்ன பல்பும் சேர்ந்த டெஸ்ட் விளக்கு எந்நேரமும் சட்டைப் பையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வண்டிகளின் மின்வேலை மட்டும்தான் பார்ப்பார். மற்றவர்கள் கையை விரித்துவிட்ட பழைய பெட்ரோல் வண்டிகள் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி வீட்டின் முன்னறையில் ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் அவர் குடித்தனம். உள்ளறையில் அண்ணி தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பார். அண்ணன் இறந்து இருபத்திரண்டு வருஷம்.

ஒருநாள் காலையில் பல் டாக்டர் பட்டறைக்கு வந்தார். பழைய வண்டி என்றால் சோறு தண்ணி மறந்துவிடும் மனிதர்.

"டெஸ்டரே, லாரி ஒண்ணு வாங்கிட்டேன்."

"பல்லு புடுங்குறதை விட்டுட்டு லோடு அடிக்கப் போறீங்களா டாக்டரே?"

"கிண்டல் பண்ணாதீங்க. மாவு மில்லோட பழைய பெட்ரோல் லாரி. இத்தனை வருஷமா ஷெட்டுலயே கிடந்திருக்கு. முன்னாடி போட்டுச் சுத்துற ஹேண்டில்கூட அப்படியே இருக்கு!"

டெஸ்டர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அந்த லாரியை ஓட்டியவர் அவருடைய அண்ணன். அந்த ஹேண்டிலைப் பிடித்தபடிதான் செத்தார்.

மில்லிலிருந்து ஊருக்கு வரும் சாலையில் ஒரே ஒரு ஏற்றம் உண்டு. அது முடியும் இடத்தில் ஒரு சின்னப் பாலம், இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், அதை ஒட்டி ஒரு வளைவு. அன்று அந்த இடத்தில், மூக்கு சுவரைப் பார்த்தபடி லாரி அணைந்துவிட்டது. செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யாத வண்டி. அண்ணன் இறங்கிப் போய் முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கியரில் இருந்த லாரி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவரைச் சுவரோடு நசுக்கியது.

'கியரில் விட்டுவிட்டு இறங்கினான்' என்றார் மில் முதலாளி. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்.

டெஸ்டருக்கு மட்டும் இன்னொன்று தெரியும். அதற்கு ஒன்பது நாள் முன்னால் அந்த லாரியின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து வேலை பார்த்தவர் அவர். இன்ஜினின் ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்பொறியை அனுப்புவது அதுதான். தான் தொட்ட வேலையால்தான் அன்று வண்டி நின்றதா? அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டருக்கு இது எதுவும் தெரியாது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறொருவன் அந்த மூடியைத் திறப்பான் என்ற நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை. "பார்க்கலாம்" என்றார்.

மில் ஷெட்டில் லாரி, விபத்துக்குப் பிறகு கொண்டுவந்து நிறுத்திய கோலத்தில் நின்றது. முன்பக்கக் கம்பி மட்டும் நடுவில் உள்வாங்கியிருந்தது. டெஸ்டர் அந்தப் பக்கமே போகாமல் பக்கவாட்டிலிருந்து வேலை பார்த்தார். பிளக், காயில், பேட்டரி எல்லாம் புதிதாகப் போட்டார். டாக்டர் செல்ஃபையும் சரிசெய்து வாங்கி வந்திருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, கண்டன்சரை மாற்றி, வேறெதையும் பார்க்காமல் மூடினார்.

லாரி முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். ஷெட்டுக்குள் அரைமணி நேரம் ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது.

சாலைக்கு வந்தது. ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறியது. உச்சியில் பாலத்தைத் தொட்டதும் ஒரு உலுக்கல், அணைந்துவிட்டது.

டெஸ்டர் இறங்கி விளக்கைப் போட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் கரண்ட் இருந்தது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும்.

"பெட்ரோல் பங்க்ல சொன்னாங்க, இங்க யாரோ லாரிக்காரர் செத்துட்டாராமே," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "பேய் கீய் ஏதாவது இருக்குமோ?"

"எத்தனை வண்டி போகுது, பேய் உங்க ஒருத்தர் வண்டியைத்தான் பிடிக்குமா?"

சொல்லிவிட்டாரே தவிர, அந்தச் சுவர்ப் பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ ஹேண்டிலை மாட்டும் சத்தம் கேட்டது போலிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்த லாரி ஓடுதாமே. நீதான் பார்க்குறியா தம்பி?"

"ஆமா அண்ணி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சட்டைப் பையிலிருந்த விளக்கின் ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.

"அதே இடத்துலதான் நிக்குதாம். அவர் என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு எனக்கு. நீ கண்டுபிடிச்சா எங்கிட்டதான் முதல்ல சொல்லணும்."

மறுநாள் டெஸ்டர் விளக்கின் ஒயரை நீளமாக இழுத்தார். ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கரண்ட் போகும் இடத்தில் கட்டி, பல்பைக் கேபினுக்குள் கண்ணாடியில் ஒட்டினார். இன்ஜின் ஓடும்போது பாயிண்டுகள் திறந்து மூடுவதற்கேற்ப பல்பு துடித்தது. ஏற்றம் முழுக்கத் துடித்தது. உச்சியில் டாக்டர் ஆக்சிலரேட்டரில் அழுத்தியிருந்த காலைக் கொஞ்சம் தளர்த்தினார். பல்பு துடிப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ தொடர்பு விட்டுப்போனால்தான் அது அப்படி எரியும். இன்ஜின் போய்விட்டது.

அங்கேயே பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றினார். பாயிண்டுகள் உட்கார்ந்திருக்கும் தட்டு ஒரே இடத்தில் நிற்பதல்ல. ஷெட்டில் சும்மா ஓடும்போதும் ஏற்றத்தில் முழுக்க மிதிக்கும்போதும் அப்படியே இருக்கும். முழு மிதியிலிருந்து காலைத் தளர்த்தினால் இன்ஜின் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி அதைக் கொஞ்சம் திருப்பும். டெஸ்டர் அந்தக் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது. பல்பு எரிந்தது. விட்டார். தட்டு திரும்பி வந்தது. பல்பு அணைந்தது. திரும்ப உறிஞ்சினார். எரிந்தது.

தட்டோடு சேர்ந்து நகரும் ஒரு விரல் நீள ஒயர் உள்ளே இருந்தது. அந்த இடத்துக்கு மயிரிழைக் கம்பிகள் கொண்ட துவளும் ஒயர்தான் போட வேண்டும். இருந்தது வீட்டு ஸ்விட்சுக்குப் போடும் நீல ஒயர். மேல்தோல் முழுசாக இருந்தது, உள்ளே கம்பி முறிந்திருந்தது. இழுபட்டால் பிரியும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். முனையில் வெள்ளை நூலால் மூன்று சுற்று கட்டியிருந்தது. அவருடைய கட்டு. சரியான ஒயர் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டது.

"கிடைச்சுதா?" என்றார் டாக்டர்.

"கிடைச்சுது."

வீட்டில் அந்த ஒயரை மெஷின் பலகைமேல் வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா?"

"ஆமா அண்ணி. கால் தளர்ந்தா இது விட்டுடும். வண்டி நின்னதும் தானா ஒட்டிக்கும். அதான் சுத்துனதும் பிடிச்சிருக்கு."

"அன்னைக்கு அதுக்கு முன்னாடியும் நின்னிருக்குமா?"

"நாலஞ்சு நடை அடிச்சிருப்பார், ஒவ்வொரு நடையும் அந்த ஏத்தத்துல நின்னிருக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கிச் சுத்தியிருப்பார். கடைசித் தடவை கியரை மறந்திருப்பார்."

அண்ணி ஒயரைத் திரும்பப் பலகைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "கியர்ல விட்டது அவர்தான். அதை நான் இல்லைன்னு சொல்லல. எதுக்கு இறங்குனார்னு ஒரு ஆள் கேட்டானா? நீ பக்கத்துலயே நின்னியே. அத்தனை பேரும் அவரைக் கவனமில்லாதவன்னு சொல்லும்போது வாயை மூடிட்டு நின்னியே."

"பயமா இருந்துச்சு அண்ணி."

"உன் பங்குக்கும் சேர்த்து நான் அவரைத் திட்டியிருக்கேன் தம்பி. எங்களை விட்டுட்டுப் போற அளவுக்கு என்னய்யா மறதின்னு, தினம்."

மறுநாள் அண்ணி அவரை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தளர்ந்துபோன முதலாளி சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"சொல்லு," என்றார் அண்ணி.

டெஸ்டர் சொன்னார். முதலாளி காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்.

"அவர் வேலைக்கு லாயக்கில்லாம செத்துப் போகலைன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். நாலு பேர்கிட்ட அன்னைக்குச் சொன்னீங்கள்ல, இதையும் சொல்லுங்க."

அன்றே டெஸ்டர் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அண்ணி போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

டாக்டரின் லாரி இப்போது நிற்காமல் ஓடுகிறது. டெஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது. பட்டறைக்குப் பின்னால் டயர்கள் அடுக்கிய அறையில் தங்கி அதே வேலையைச் செய்கிறார். அண்ணி சீருடை தைக்கிறார். மெஷின் மோட்டார் கெட்டால் ஆளனுப்புவார், அவர் போய்ப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். மில் பக்கம் வேலை வந்தால் அந்தப் பாலத்தைத் தவிர்த்து ஆறு கிலோமீட்டர் சுற்றுவழியில் போகிறார்.