தார் எஸ் சலாமுக்கு மூன்று டிக்கெட்

சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி பாண்டிச்செல்வி பள்ளிக்கூடம் போனது மூன்றே வருடம். மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிய மறுநாள், விடியுமுன்னே வந்து நின்ற தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் அவளுடைய அம்மா அவளை ஏற்றிவிட்டாள். அப்போது ஒன்பது வயது. அந்தப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். பதினெட்டு வயதில் பட்டாசு ஆபீசுக்கு மாறினாள். மருந்தடைத்த குழாயைத் தரைச்சக்கரமாகச் சுற்றி ஒட்டுகிற வேலை. சாம்பல் நிற மருந்து நகக்கண்ணில் ஏறிக் குடியிருந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் அந்த வாடை வரும்.

கல்யாணமாகி எழில் பிறந்தபோது அவள் மனசுக்குள் ஒரே ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். இந்தப் பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறக் கூடாது. எந்தச் சாமியிடமும் அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

2006ஆம் வருடம் தை மாதம் அதற்கு ஒரு வழி பிறந்தது. அவள் புருஷன் முனியராஜ் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினெட்டு வருடமாக ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். ஆப்பிரிக்காவில் தார் எஸ் சலாம் என்ற ஊரில் ஒரு அச்சகத்துக்கு ஆள் தேடினார்கள். அங்கே மேனேஜராக இருந்த சாத்தூர்க்காரர் போனில் விவரம் சொன்னார். முன்னால் வந்த இரண்டு மெஷின்மேன்களும் வீட்டு நினைப்பு தாங்காமல் ஆறு மாதத்தில் ஓடிவிட்டார்களாம். அதனால் பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறவனுக்குத்தான் வேலை. அவனுக்கு மட்டும் டிக்கெட்டும் தங்கும் அனுமதியும் கம்பெனி எடுக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கம்பெனியே கட்டும். மற்றதெல்லாம் அவன் பாடு. ஜூன் முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

பள்ளிக்கூடச் சம்பளம் என்ற சொல் காதில் விழுந்ததுமே பாண்டிச்செல்வி முடிவெடுத்துவிட்டாள். ஆப்பிரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

எழிலை உட்காரவைத்துக் கணக்கு எழுதச் சொன்னாள். எழிலுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பன்னிரண்டு முடிந்ததால் பெரியவர்களுக்கான முழு டிக்கெட் என்றார்கள். ஆக அம்மாவுக்கு இருபதாயிரம், மகளுக்கு இருபதாயிரம், ஏழு வயது புகழேந்திக்குப் பதினைந்தாயிரம். அங்கே தங்குவதற்கான அனுமதிக்கு இந்த மூன்று பேருக்கும் தலைக்கு ஆறாயிரம். இரண்டு அறை வீட்டுக்கு முன்பணம் இருபதாயிரம். பாஸ்போர்ட்டு, ஊசி, ரயில் எல்லாம் சேர்த்து நாலாயிரம். மொத்தம் தொண்ணூற்று ஏழாயிரம். சீட்டு எடுத்தால் முப்பதாயிரம் வரும், கழுத்துச் சங்கிலியை விற்றால் இருபதாயிரம் வரும். மீதி நாற்பத்தேழாயிரத்துக்கு எங்கே போவது?

"மொய்யி" என்றாள் பாண்டிச்செல்வி.

பதின்மூன்று வருடமாக அந்த வட்டாரத்தில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதிலும் அவள் வெறுங்கையோடு சாப்பிட்டதில்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எழுதிய மொய் முப்பத்தெட்டாயிரம் ஊருக்குள் நின்றது. ஒரு விசேஷம் வைத்தால் அது திரும்பும். வெறுமனே திரும்பாது, ஐநூறு வாங்கியவன் ஆயிரமாகச் செய்வான். கூடுதலாகச் செய்கிற ஐநூறு புது மொய். அதை அவன் வீட்டு விசேஷத்தில் இவர்கள் திருப்ப வேண்டும். உறவு விட்டுப்போகாமல் இருப்பது அந்தக் கூடுதலால்தான். வாங்கியதை வாங்கியபடியே அச்சாகத் திருப்பினால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

புகழேந்திக்குக் காது குத்தினால் எப்படியும் அறுபத்தையாயிரம் விழும், கிடாக்கறிச் சோற்றுக்குப் பதினெட்டாயிரம் போனாலும் நாற்பத்தேழு நிற்கும் என்று கணக்கு நேரானது. ஒரே ஒரு நிபந்தனைதான். விசேஷம் முடிகிறவரை ஆப்பிரிக்கா பேச்சு வெளியே போகக் கூடாது.

"ஊர விட்டுப் போறவுகளுக்கு எவனும் புது மொய் எழுத மாட்டான். எழுதுனா யாரு திருப்புறது? வாயத் தொறக்காம இருங்க, சாமி" என்று முனியராஜிடம் பத்துத் தடவை சொன்னாள்.

முனியராஜ் வாயைத் திறக்கவில்லைதான். அந்த மட்டில் அவன் உத்தமன். வாய்க்குப் பதிலாக மெஷினை ஓட்டிவிட்டான்.

காதுகுத்துப் பத்திரிகையை அவனே அடித்தான். முதலாளி கழிவு அட்டையைச் சும்மா கொடுத்தார். நான்கு கலர், ஓரத்தில் தங்கப் பூச்சு. உச்சியில் பிள்ளையார், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு விமானம். அடியில் கொட்டை எழுத்தில்: தங்கள் வரவை நாடும் முனியராஜ், ஆப்செட் மெஷின்மேன், தார் எஸ் சலாம், ஆப்பிரிக்கா.

முன்னூறு பத்திரிகையில் இருநூறை சிவகாசி பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுப்பட்டி வரை கொடுத்துக்கொண்டே வந்தவன், மிச்சம் நூறை வீட்டில் அவள் கையில் வைத்தான். எழில்தான் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடிக்குமுன்னே பாண்டிச்செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு?"

அவன் ஒரு பத்திரிகையை எடுத்துத் தன் பேரைத் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான். "பதினெட்டு வருசமா அடுத்தவன் பேர அடிச்சிக்கிட்டிருக்கேன், செல்வி. சிங்கப்பூர்ம்பான், துபாய்ம்பான், அமெரிக்காம்பான். நான் மை ஊத்தி அடிச்சுக் குடுப்பேன். எம்பேருக்குப் பக்கத்துலயும் போட ஒரு ஊரு கெடச்சது. போட்டுட்டேன்."

 

ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை என்று சொல்வதுதான் வழக்கம். பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கறி கேட்டவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. சித்திரையில் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து நடந்தது. கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. மொய் எழுத அய்யாதுரை உட்கார்ந்தார். அந்த வட்டாரத்தில் எந்த விசேஷத்துக்கும் அவர்தான் மொய் எழுதுவார், யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்பதை நோட்டுப் பார்க்காமலே சொல்லுவார். வந்தவர்கள் அவரிடம் குனிந்து, "முனியராசு நமக்கு எம்புட்டு செஞ்சிருக்கான் அண்ணாச்சி?" என்று கேட்டு, அதை மட்டும் எண்ணி வைத்தார்கள். இருநூற்று ஒன்று வாங்கியவன் இருநூற்று ஒன்று. ஐநூற்று ஒன்று வாங்கியவன் ஐநூற்று ஒன்று. நாலைந்து பேர் அதைக்கூட வைக்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். திரும்பி வரவா போகிறான், யார் கேட்கப்போகிறார்கள்?

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் பாண்டிச்செல்வியின் கூடப்பிறந்த அண்ணன் வேலுச்சாமி. அவன் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு இவள் ஐயாயிரத்து ஒன்று செய்திருந்தாள், சீசன் போனஸ் மொத்தத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொட்டி. அவன் கடுகு மாதிரி ஒரு கம்மலை மருமகன் காதில் போட்டுவிட்டு, மொய்ப்பலகைக்கு வந்து ஐயாயிரத்து ஒன்றை எண்ணினான்.

"அம்புட்டுத்தானா அண்ணே?" என்று அவளே கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"நீ செஞ்சது அம்புட்டுத்தான, தாயி? கணக்கு நேரா இருக்கட்டும். நாளைக்கு நீ கடலத் தாண்டிப் போயிட்டா நான் யார்கிட்ட வந்து நிப்பேன்?" என்றான் வேலுச்சாமி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மறுநாள் இன்னொரு கூத்து நடந்தது. முன்பு இவர்கள் வீட்டு விசேஷத்தில் மொய் செய்திருந்த மூன்று பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் விசேஷம் எப்போது வருமோ, நீங்கள் அப்போது எங்கே இருப்பீர்களோ, அதனால் இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். விசேஷம் இல்லாமல் மொய்யைத் திருப்பிக் கேட்பது சாவு விழுந்த வீட்டில்கூட யாரும் செய்யாத காரியம். பாண்டிச்செல்வி நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள்.

வந்தது முப்பத்தோராயிரம். சோற்றுச் செலவும் இந்த நாலாயிரமும் போக நின்றது ஒன்பதாயிரம். பட்டாசு ஆபீசில் முன்பணம் கேட்டாள். "வேலைக்கு வரப்போறதில்ல, எதுக்கு அட்வான்சு?" என்று கணக்குப்பிள்ளை சிரித்தார். வட்டிக்குக் கொடுக்கிறவனும் அதையேதான் சொன்னான். நாற்பத்தேழாயிரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்பது. முப்பத்தெட்டாயிரம் துண்டு விழுந்தது. இத்தனை வருடமாக அவள் ஊருக்குச் செய்த மொய்யும் அதே முப்பத்தெட்டாயிரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனியராஜ் எழில் எழுதிய கணக்குக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரியவர்கள் டிக்கெட் ஒன்றைக் கோடு போட்டு அடித்தால் இருபது குறையும், அனுமதியில் ஆறு குறையும். மூன்று பேருக்கு ஒற்றை அறை போதும், அதில் பத்து. முப்பத்தாறாயிரம் ஆயிற்று. இன்னும் இரண்டாயிரத்துக்குப் பித்தளை அண்டா இருக்கிறது.

"எழில ஒங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டுப் போவோம். ஒரு வருசந்தான். அப்பறம் கூப்பிட்டுக்கிருவோம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அண்ணன் மக லீவு விட்டா என்ன செய்யிறா தெரியுமா? காலையிலருந்து பொழுதடைய சரவெடி பின்னுறா. இவளையும் பக்கத்துல உக்கார வைப்பாக. ஒரு வருசத்துக்கு அப்பறம் நீங்க கூப்பிடையில இவ கை என் கையி மாதிரி இருக்கும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"ரெண்டும் ஒரே வெலதான? எம்பேர அடிங்க."

முனியராஜ் அடிக்கவில்லை. அவளே பேனாவை வாங்கி, எழில் எழுதியிருந்த தன் பெயரைக் கண்டுபிடித்துக் கோடு போட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று.

சாத்தூர்க்காரரிடம் போனில் கேட்டார்கள். பெண்டாட்டி வராவிட்டால் வேலை உண்டா இல்லையா என்று. "பிள்ளைக வந்தாப் போதும். பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல போட்டுட்டா நீங்க ஓட மாட்டீக" என்று அவர் சொன்னார். பாண்டிச்செல்விக்கு அதைக் கேட்டு நிம்மதியும் வந்தது, அவமானமும் வந்தது.

மிச்சமிருந்த பன்னிரண்டு நாளில் எழிலுக்குச் சோறு வடிக்கவும், புளி கரைக்கவும், தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை ஒன்றும் கேட்காமல் கற்றுக்கொண்டது. கொதிநீர் காலில் சிந்தியபோதுகூட அழவில்லை. மதுரையில் மும்பை ரயில் கிளம்பும்போதுதான், "அம்மா, நீங்க எப்ப வருவீக?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது. தீபாவளி முடிந்ததும் என்று பாண்டிச்செல்வி சொன்னாள். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மறுபடியும் சக்கரம் சுற்றப் போய்விட்டாள். போன மாதம் சிரித்த கணக்குப்பிள்ளை இந்தத் தடவை கேட்காமலே மூவாயிரம் முன்பணம் கொடுத்தார். சீசன் ஆர்டர் குவிந்து கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பொன்னுத்தங்கம் புதிதாக ஒரு செல்போன் வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் எழில் பேசும். ஆவணியில் ஒரு நாள் பாண்டிச்செல்வி கேட்டாள்.

"பள்ளிக்கூடம் நல்லாருக்கா, தாயி?"

"நல்லாருக்கும்மா. இந்த வாரம் போகல. தம்பிக்குக் காச்சல்."

"போன வாரம்?"

"அப்பாவுக்கு நைட் ஷிப்டும்மா. பகல்ல சோறாக்கணும். வாரத்துல மூணு நாள் போறேன்."

பாண்டிச்செல்வி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் ஏற்றாமல் காப்பாற்றிய பிள்ளையை விமானத்தில் ஏற்றி அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் போனால்தான் எழில் முழு வாரமும் பள்ளிக்கூடம் போகும். அதற்கு டிக்கெட்டும் அனுமதியுமாக இருபத்தாறாயிரம் வேண்டும். சக்கரம் சுற்றித் தின்றது போக அவ்வளவு சேர மூன்று வருடம் ஆகும். அதற்குள் எழில் சமையலில் தேர்ந்துவிடும்.

ஐப்பசியில் வேலுச்சாமி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். அவனே நேரில் வந்து அழைத்தான்.

"நீ இங்கனதான் இருக்கப்போறேன்னு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அப்பிடிச் செஞ்சிருப்பேனா தாயி? கெடக்கட்டும். நீ இப்ப வந்து செய்யி. அடுத்த வருசம் ஒரு விசேஷம் வையி. ஊரே கூடி அள்ளிக் கொட்டிரும். உள்ளூர்ல இருக்கவளுக்குச் செய்ய மாட்டாகளா?"

அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. ஊரைவிட்டுப் போகிற காசை ஊரிடம் வாங்க வேண்டுமென்றால், போகவே மாட்டேன் என்று ஊரை முதலில் நம்பவைக்க வேண்டும். அவள் ஐநூற்று ஒரு ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

மொய்ப்பலகையில் அய்யாதுரை பேனாவோடு நிமிர்ந்தார். "முனியராசு பேருல எழுதவா? ஊரு என்ன போட, ஆப்பிரிக்காவா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பாண்டிச்செல்வின்னு எழுதுங்க. எம். புதுப்பட்டி."

"இங்கனதான இருப்ப? புது மொய்யி, பாத்துக்க."

"நான் வேற எங்க அண்ணாச்சி போகப்போறேன்?" என்று அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அய்யாதுரை ஐநூற்று ஒன்று என்று எழுதிக்கொண்டார்.